காப்புறுதி முகவருக்குக் காசு எங்கேயிருந்து வருகிறது?



ஊரிலிருந்து அம்மா அப்பாவை சூப்பர் விசாவில் கூப்பிட்ட பிள்ளைகள் ரூஜ், மோல்வேர்ன் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சிலர் காப்புறுதிக் கடதாசியோடு எங்களிடம் வருவீர்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரி பில் வந்த பிறகுதான் வருவீர்கள். "இதை எழுதித் தந்த முகவருக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டால், "அவர் எங்களிட்ட ஒரு சதமும் வாங்கேல்லை, ரீச்சர். சும்மாதான் செய்து தந்தவர்" என்பீர்கள்.

அவர் சும்மா செய்யவில்லை. அதில் பிழையும் இல்லை. ஆனால் அவருக்குக் காசு எப்படி வருகிறது என்று தெரிந்திருந்தால், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

காப்புறுதி ஏன் வேண்டும்?

சூப்பர் விசா 2011 டிசம்பரில் தொடங்கியது. 2022 யூலைக்குப் பிறகு, ஒரு தடவை வந்தால் 5 வருடம் வரை நிற்கலாம். விண்ணப்பிக்கும்போது குறைந்தது 1 வருடத்துக்கு, குறைந்தது 100,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். விலை மட்டும் எழுதிய கடதாசி போதாது. முழுப் பணமோ, தவணையென்றால் முற்பணமோ கட்டியிருக்க வேண்டும். முன்பு கனடியக் கம்பனியில் மட்டும்தான் எடுக்கலாம். 2025 ஜனவரி 28 முதல், கனடா அரசின் நிதி நிறுவனக் கண்காணிப்பாளர் அனுமதித்த வெளிநாட்டுக் கம்பனிகளிலும் எடுக்கலாம்.

கொமிஷன் எப்படி வருகிறது?

நீங்கள் கட்டும் பிரீமியத்தில் ஒரு வீதத்தைக் கம்பனி கொமிஷனாகக் கொடுக்கிறது. பல முகவர்கள் நேரடியாகக் கம்பனியோடு அல்ல, நடுவில் இருக்கும் ஒரு பொது முகவர் நிறுவனத்தின் ஊடாக வேலை செய்கிறார்கள். அந்த நிறுவனத்துக்கும் ஒரு பங்கு போகும். அடுத்த வருடம் நீங்கள் புதுப்பித்தால் திரும்பவும் கொமிஷன் வரும். இவை எல்லாம் உங்கள் பிரீமியத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. அதனால்தான் தனி பில் வருவதில்லை.

அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களின் மெடிகெயார் அட்வான்டேஜ் திட்டங்களை விற்பவர்களுக்கு, அரசாங்கமே வருடாவருடம் உச்சவரம்பு போடுகிறது. 2025இல் பெரும்பாலான மாநிலங்களில் புதிதாகச் சேர்க்கும் ஒருவருக்கு 626 டொலர், புதுப்பித்தலுக்கு 313 டொலர். இங்கே சூப்பர் விசாக் காப்புறுதிக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. கம்பனிக்குக் கம்பனி வீதம் மாறும்.

ஒரு சின்னக் கணக்கு

விளக்கத்துக்காக மட்டும், கொமிஷன் 20 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திட்டத்தின் பிரீமியம் 2,000 டொலர். அதே திட்டத்தில், வருத்தம் வந்தால் முதல் 1,000 டொலரை நாங்களே கட்டுகிறோம் என்று ஒப்புக்கொண்டால் பிரீமியம் 1,600 என்று வைப்போம். இந்த முதல் தொகையைத்தான் "டிடக்டிபிள்" என்கிறார்கள். முதலாவதில் முகவருக்கு 400 டொலர், இரண்டாவதில் 320 டொலர். உங்களுக்கு 400 டொலர் மிச்சம், அவருக்கு 80 டொலர் நட்டம். ஆகவே டிடக்டிபிள் பற்றி அவராகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஆனால் அந்த 1,000 டொலரை அவசரத்துக்குக் கட்ட முடியுமோ என்பதையும் வீட்டில் கதைத்து முடிவெடுங்கள்.

இன்னொன்று. அம்மா ஆறு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டால், கிளெய்ம் ஒன்றும் செய்யாதிருந்தால், பல கம்பனிகள் மிச்ச நாட்களுக்குரிய காசைத் திருப்பித் தரும். விசா மறுக்கப்பட்டாலும், நிரந்தர வதிவிடம் கிடைத்து ஓஹிப் வந்தாலும் கேட்கலாம். காசு திரும்பினால் முகவரின் கொமிஷனிலும் ஒரு பகுதியைக் கம்பனி திருப்பி எடுக்கக்கூடும். எனவே அவர் போன் எடுத்து ஞாபகப்படுத்துவார் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே எழுத்தில் கேளுங்கள்.

பெரிய ஆபத்து எங்கே?

எங்களிடம் வந்த ஒரு அம்மாவுக்குப் பல வருடமாக பிரஷர். விண்ணப்பப் படிவத்தை மகன் போனில் பத்து நிமிடத்தில் நிரப்பினார். "அம்மாவுக்கு ஒண்டுமில்லை, பிரஷர் மட்டும்தான், அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்றாராம். காப்புறுதி தொடங்க இரண்டு மாதம் முன்புதான் ஊரில் டொக்டர் குளிசையைக் கூட்டியிருந்தார். இங்கே வந்து நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். காப்புறுதி இல்லாதவருக்கு ஒரு நாள் கட்டணமே ஆயிரக்கணக்கில் போகும். கம்பனி ஊர் டொக்டரின் பதிவுகளைக் கேட்டு எடுத்தது. பிறகு, கிளெய்ம் இல்லை என்று கடிதம் வந்தது.

காரணம் இதுதான். முன்பே உள்ள வருத்தத்துக்கு, அது குறித்த காலம் "மாற்றமில்லாமல்" இருந்தால் மட்டுமே பல திட்டங்கள் காசு தரும். 180 நாள் என்பது வழமையான ஒரு அளவு. குளிசையின் அளவைக் கூட்டினாலும், சில திட்டங்களில் குறைத்தாலும்கூட, அது மாற்றம்தான். முன்பே உள்ள வருத்தத்தை முற்றாக விலக்கும் திட்டங்களும் உண்டு. அவைதான் மலிவு.

கொமிஷன் விற்பனைக்குத்தான் கிடைக்கிறது. வருத்தங்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் கேட்டு எழுதினாலும் பத்து நிமிடத்தில் முடித்தாலும் அதே தொகைதான். நேரம் எடுத்துச் செய்கிற நல்ல முகவர்கள் எங்கள் சனத்துக்குள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் அதைச் செய்வது மனச்சாட்சிக்காக. அந்த மனச்சாட்சியை நம்பி மட்டும் இருக்காமல், கேள்வியை நாங்களும் கேட்க வேண்டும்.

முகவரிடம் கேட்க வேண்டியவை

1. உங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறதா? சுகாதாரக் காப்புறுதி முகவர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது ஒன்ராறியோ நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையம். அதன் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

2. எத்தனை கம்பனிகளின் திட்டங்களை விற்கிறீர்கள்? ஒன்றென்றால், ஒன்றைத்தான் காட்டுவார்.

3. இந்தத் திட்டத்தில் உங்களுக்கு எத்தனை வீதம்? மற்றதில் எத்தனை? கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

4. அம்மாவின் எந்த வருத்தத்துக்குக் காசு வராது? பதிலை எழுத்தில், ஈமெயிலில் வாங்குங்கள்.

5. முன்கூட்டித் திரும்பினால் எவ்வளவு காசு திரும்பும்?

படிவத்தை நிரப்ப முன்பு ஊர் டொக்டரிடம் மருந்துப் பட்டியலும், கடைசியாக மாற்றிய திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பொய் சொல்லி மலிவாக எடுத்த காப்புறுதி, காசு கட்டாத காப்புறுதிக்குச் சமம்.

யாருக்கு இது தேவையில்லை?

நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் ஒன்ராறியோவில் ஓஹிப் பெறலாம். பழைய மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. அகதிக் கோரிக்கை செய்து முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கு மத்திய அரசின் இடைக்கால சுகாதாரத் திட்டம் உண்டு. ஓஹிப் உள்ள 65 வயதானவர்கள் ஒன்ராறியோ மருந்துத் திட்டத்திலும் சேர்வார்கள். இவர்களுக்கு யாராவது மருத்துவக் காப்புறுதி விற்க வந்தால், கையெழுத்து வைக்க முன்பு எங்களிடம் கேளுங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால்

முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவைக் கடிதமாக வாங்குங்கள். பிறகு ஆயுள், சுகாதாரக் காப்புறுதிக்கான குறைதீர் சேவைக்குப் போகலாம். அது இலவசம். முகவரின் நடத்தை பற்றிய முறைப்பாடு என்றால் மேலே சொன்ன ஆணையத்துக்குப் போடலாம்.

அந்த அம்மாவின் மகனுக்கு இப்போது நாங்கள் கடிதம் எழுத உதவுகிறோம். முடிவு இன்னும் வரவில்லை. உங்களிடம் காப்புறுதிக் கடதாசி இருந்தால், பில் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.