உஷார்! இலவச டாலெண்ட் கைவிடப்பட்டு நாளாகிவிட்டது

கஞ்சிக்கோட்டில் ஃபாக்டரி, கோவையில் ஹெட் ஆபீஸ். குமுளியில் கடை, போடியில் குடோன். பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்தில் தொழில் செய்கிறவர்கள் பலருக்கு இதுதான் அமைப்பு. இரண்டு பக்கத்துக் கணக்கையும் ராத்திரியோடு ராத்திரியாக ஒன்றுசேர்க்க, எப்போதோ வேலைக்கு வந்த ஒரு பையன் டாலெண்ட் ஓப்பன் ஸ்டூடியோ என்ற டேட்டா சேர்ப்பு மென்பொருளில் ஜாப் எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பான். காசில்லை. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் மாட்டிவிட்டால் தானாக ஓடும். உங்கள் ஆபீஸிலும் அப்படி ஒன்று ஓடுகிறதா? அப்படியானால் இன்றைக்கே பாருங்கள்.

2023 மே மாதம் டாலெண்டை க்ளிக் நிறுவனம் வாங்கியது. 2024 ஜனவரி 31-ஆம் தேதியோடு இலவச ஓப்பன் ஸ்டூடியோவை நிறுத்திவிட்டார்கள். 2006-லிருந்து உலகமெங்கும் சின்னக் கம்பெனிகள் நம்பியிருந்த மென்பொருள் அது. நிறுத்தியது நம்மில் பலருக்குத் தெரியாமலே போனதற்குக் காரணம் எளிது. டாலெண்டில் எழுதிய ஜாப் ஒருமுறை பில்ட் ஆகிவிட்டால் தனி ஜாவா நிரல். கம்பெனி இருக்கிறதா இல்லையா என்று அது யாரையும் கேட்காது. அதனால்தான் யாராவது வாயைத் திறந்தால், “ஓடிட்டுத்தானே இருக்கு அண்ணா, அதுல போய் ஏன் கை வைக்கணும்?” என்ற பதில் வருகிறது.

கை வைக்க வேண்டும். பலர் இறக்கிவைத்திருக்கும் கடைசி இலவசப் பதிப்பு 8.0.1. அந்த ஜிப் கோப்பின் பெயரிலேயே 20211109 என்று இருக்கும்: 2021 நவம்பர் 9. அடுத்த மாதமே, ஜாவா நிரல்கள் பதிவு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்து உலகமே அல்லாடியது. உங்கள் ஜாப் இருக்கும் ஃபோல்டரில் லிப் என்ற உள்ஃபோல்டரைத் திறந்து, லாக்4ஜே-கோர் என்று தொடங்கும் கோப்பின் எண்ணைப் பாருங்கள். 2.17.1-க்குக் கீழே இருந்தால் ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். லாக்4ஜே 1.2 என்று இருந்தால் இன்னும் மோசம். அதற்கான ஆதரவு 2015-லேயே முடிந்துவிட்டது.

இதில் இன்னொரு கண்ணி. காசு கட்டி வாங்கும் டாலெண்ட் ஸ்டூடியோவுக்கும் எண் 8.0.1 தான்! அதற்கு மாதாமாதம் புதுப்பிப்பு வருகிறது. இலவசத்துக்கு எதுவும் வராது. “எங்ககிட்டயும் எட்டுதான் இருக்கு” என்று நினைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். ஒப்பீட்டுப் பட்டியல்களை நம்பியும் இறங்க வேண்டாம். பழைய பட்டியல்கள் பல இன்றைக்கும் ஓப்பன் ஸ்டூடியோவை ‘இலவசம், சிறந்தது’ என்று பச்சை டிக் போட்டு வைத்திருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு ஊர்பேர் தெரியாத தளத்திலிருந்து ஜிப்பை இறக்கினால், உள்ளே என்ன வருகிறது என்பதற்கு யார் பொறுப்பு?

வேறு கருவி வைத்திருக்கிறவர்களும் தேதியைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்எஸ்ஐஎஸ், எஸ்க்யூஎல் சர்வரோடு சேர்ந்தே வாழும், சேர்ந்தே சாகும்: 2014 பதிப்புக்கு 2024 ஜூலை 9-இல் ஆதரவு முடிந்தது, 2016 பதிப்புக்குக் கெடு 2026 ஜூலை 14. அப்பாச்சி நைஃபை முதல் வரிசைப் பதிப்புகளின் காலம் 2024 டிசம்பரில் முடிந்தது. இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஜாவா 21 வேண்டும், பழைய டெம்ப்ளேட்டுகளை அப்படியே தூக்கிப் போட முடியாது. பெண்டாஹோ கெட்டிலிலிருந்து பிரிந்து வளர்ந்த அப்பாச்சி ஹாப் இருக்கிறது, இலவசம்தான். கெட்டில் தெரிந்தவர்களுக்குக் கை சட்டென்று பழகும். டாலெண்ட் ஜாப்களை அதில் புதிதாகத்தான் எழுத வேண்டும். என் கணக்கில், ஆளும் பொறுமையும் இருக்கும் சின்ன ஆபீஸுக்கு அதுவே போதும்.

எந்தக் கருவியானாலும், விற்க வருகிறவர் காட்டும் டெமோ டேட்டாவில் மயங்காதீர்கள். எல்லையோரத்து டேட்டா வேறு மாதிரி. அதைக் கொடுத்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. புற்றடியிலும் போடியிலும் ஏலக்காய் எடுக்கிற வியாபாரிக்கு இரண்டு பதிவும் இருக்கலாம், பெயர் ஒன்றாகவே இருக்கும். பெயரை வைத்து இரட்டைப் பதிவை நீக்கும் கருவி, இரண்டையும் ஒரே ஆளாக்கிவிடும். பிறகு ஐஜிஎஸ்டி போட வேண்டிய இடத்தில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி ஏறும். இ-வே பில் எண் 12 இலக்கம். எக்ஸெலில் திறந்து சிஎஸ்வியாகச் சேமித்தால் 3.91E+11 என்று சுருங்கி, மீதி இலக்கங்கள் போயே போகும். தேதியை அமெரிக்க முறைப்படி மாதம் முதலில் என்று படித்தால், 12-ஆம் தேதி வரைக்கும் சத்தமில்லாமல் தப்பாக ஏறும். 13-ஆம் தேதிதான் பிழை காட்டும், அதுவும் நல்ல கருவியாக இருந்தால்.

பெயர்களில்தான் உண்மையான தலைவலி. ‘ஸ்ரீ’ என்பதை யூனிகோடில் ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005-இல் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றேதான், கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள். மலையாளத்தில் ராஜன் என்ற பெயரின் கடைசியில் வரும் சில்லெழுத்தும் அப்படியே: 2008-க்கு முந்தைய முறை ஒன்று, பிந்தைய முறை ஒன்று. கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் கலந்து பதியும் ஆபீஸில், ஒரே விவசாயிக்கு இரண்டு கணக்கு உருவாக வேறென்ன வேண்டும்? யூனிகோடின் பொதுவான சீராக்கம் இந்த இரண்டையும் சரிசெய்யாது. அதற்கென்று தனி விதி எழுத இடமிருக்கிறதா என்று கேளுங்கள். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் கிடக்கும் கோப்புகளைப் பற்றியும் கேளுங்கள். பதில் சொல்லத் திணறுகிறார் என்றால் ஆர்டரைத் தள்ளிப்போடுங்கள்.

ஜாவாவையும் மறக்க வேண்டாம். ஆரக்கிள் ஜாவா 8-இன் புதுப்பிப்புகளைத் தொழிலுக்குப் பயன்படுத்த 2019 ஏப்ரலிலிருந்து காசு கட்ட வேண்டும். 2023-லிருந்து கட்டணம் மொத்த ஊழியர் எண்ணிக்கையை வைத்து. இலவச ஜாவாவான ஓப்பன் ஜேடிகேவுக்கு மாறிவிடுங்கள்.

இதெல்லாம் அலட்சியமாக விடக்கூடிய சங்கதி இல்லை. தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நிறுத்தப்பட்ட மென்பொருளில் வாடிக்கையாளரின் ஃபோன் எண்ணும் வங்கிக் கணக்கும் போய்வந்துகொண்டிருந்தது என்றால் என்ன சமாதானம் சொல்வீர்கள்?

கொட்டேஷன் வாங்கும்போது மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும்: இலவசமா கட்டணமா என்ற பதிப்பின் பெயர், முழுப் பதிப்பு எண், ஆதரவு முடியும் தேதி. அதற்கு முன்னால், பழைய ஜாப் ஃபோல்டரில் ப்ராபர்டீஸ் கோப்பு ஒன்று கிடக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே பச்சையாகத் தெரிந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.