கண்ணீர் வடிக்கும் மரங்கள்

கிரேக்க நாட்டில் தீவுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஏஜியன் கடலின் கிழக்கே, துருக்கிக் கரைக்கு மிக அருகில் அமைந்துள்ளது கியோஸ் தீவு. கடலழகோடு உழைப்பின் அழகையும் காண விழைவோர்க்கு ஏற்ற இடம் இது.

இத்தீவின் தென்பகுதியில் மஸ்திக்கா எனும் குட்டை மரங்கள் வளர்கின்றன. கோடையில் மரத்தடியைப் பெருக்கி, வெள்ளை மண்ணைப் பரப்பி, பட்டையைக் கீறிவிடுவர். பிசின் துளித்துளியாய் வடிந்து, இறுகிப் பளிங்கு போலாகும். அதைப் பொறுக்கி, சலித்து, கழுவுவர். பிறகு பெண்கள் கூடியமர்ந்து ஒவ்வொரு துளியையும் கத்தி முனையால் துப்புரவு செய்வர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் 'ரூமி மஸ்தகி' என விற்கப்படுவது இதுவே. 3-ஆம் நூற்றாண்டில் இங்கு வேதசாட்சியாய் மரித்த புனித இசிதோருக்காக இம்மரங்கள் அழுதனவாம். அக்கண்ணீரே பிசினாயிற்று என்பது தீவு மக்களின் மரபுக் கதை.

விலையுயர்ந்த பொருள் இருக்குமிடத்தில் கள்வர் பயமும் இருக்குமன்றோ? 1346 முதல் 1566 வரை ஜெனோவா நகரத்தார் இங்கு ஆண்டனர். கடற்கொள்ளையருக்கு அஞ்சி அக்காலத்தில் ஊர்களைக் கோட்டைகளாகவே கட்டினர். மெஸ்தா என்ற ஊரில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. ஓரத்து வீடுகளின் பின்சுவர்களே கோட்டை மதில்! சந்துகளோ குறுகி வளைந்து, புதியவரைத் திகைக்க வைக்கும். அடுத்துள்ள பிர்கியில் கறுப்புப் பூச்சின் மேல் சுண்ணாம்பு பூசி, அதைச் சுரண்டிச் சதுரமும் முக்கோணமும் வட்டமுமாய்ச் சுவரெங்கும் கோலமிட்டுள்ளனர். மாடங்களில் தக்காளிச் சரங்கள் காய்கின்றன.

தெற்கே எம்போரியோ கடற்கரைக்குச் சென்றால் மணலே இல்லை! பண்டைய எரிமலை தந்த கருங்கூழாங்கற்களே கரையெங்கும் பரந்துள்ளன. அலை திரும்பும்போது அவை உருண்டு கலகலக்கும் ஓசை இனிமையானது. ஆனால் ஒரு கல்லைக்கூட எடுத்துச் செல்லக் கூடாது. ஆளுக்கொன்று எடுத்தால் கரை என்னாகும்?

இத்தீவு துயரமும் அறிந்தது. 1822-இல் துருக்கியப் படையினர் பல்லாயிரவரைக் கொன்றனர். பல்லாயிரவரை அடிமைகளாக விற்றனர். ஆனால் சுல்தானின் அரண்மனை விரும்பிய பிசினுக்காக மஸ்திக்கா ஊர்கள் தொடக்கத்தில் விட்டுவைக்கப்பட்டன. மரத்தின் கண்ணீர் மனிதரின் கண்ணீரைச் சிறிதேனும் துடைத்தது!

2012 ஆகஸ்டில் காட்டுத் தீ பரவி மஸ்திக்காத் தோப்புகள் பலவற்றை அழித்தது. புதுக்கன்று பயன்தர ஐந்தாறு ஆண்டுகளாகும். எனினும் உழவர் மனம் தளராது மீண்டும் நட்டனர். 2014-இல் யுனெஸ்கோ நிறுவனம் இத்தொழிலறிவை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

சிறு துளி பெருவெள்ளம் என்பர். கியோஸ் தீவிலோ சிறு துளியே ஊராயிற்று, மதிலாயிற்று, வாழ்வாயிற்று. அத்தீவைக் காணும் வாய்ப்புப் பெறுவோர் கடலில் குளித்துத் திரும்பினால் மட்டும் போதாது. துளி பொறுக்கும் அக்கைகளையும் வணங்கி வரவேண்டும்.