சுரங்கத்து மழையும் பரவனாற்று ஊர்களும்

ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 40 சென்டிமீட்டர் மழை பெய்தால் சேரும் தண்ணீர் 40 கோடி லிட்டர். சாதாரண நிலம் என்றால் அதில் ஒரு பங்கை மண் குடிக்கும், ஒரு பங்கு குளத்திலும் ஏரியிலும் தங்கும், மிச்சம் ஓடையில் இறங்கும். அதே மழை நெய்வேலிச் சுரங்கத்துக்குள் விழுந்தால் அதற்குத் தானாகப் போக வழி கிடையாது. பழுப்பு நிலக்கரி கிடக்கும் ஆழம்வரை வெட்டிய பள்ளம் அது. விழுந்ததெல்லாம் அடியில் தேங்கும். தேங்கியதை மோட்டார் போட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். 40 கோடி லிட்டரை 80 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, மோட்டாரில் வீணாவதைச் சேர்க்காமலே சுமார் 87,000 யூனிட் மின்சாரம் செலவாகும். இது ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கான கணக்கு. திறந்து கிடக்கும் சுரங்கப் பரப்பு அதைப் போலப் பல மடங்கு.

40 சென்டிமீட்டர் என்பது பேச்சுக்காக எடுத்துக்கொண்ட எண் அல்ல. 2015 நவம்பர் 9-ஆம் தேதி ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரையேறியபோது நெய்வேலியில் ஒரே நாளில் அதற்கும் மேல் கொட்டியது. பண்ருட்டிப் பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடை வெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் அடித்துக்கொண்டு போனது. அதற்கு நான்காண்டு முன்பு, 2011 டிசம்பர் 30 காலையில், தானே புயல் இதே கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் நிழல் தந்த மரங்களும் அன்று ஏராளமாக விழுந்தன. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரைக்கு வந்து நகராமல் நின்றது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டு, கடலூர் மூழ்கியது.

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று வரிசையாக ஆறுகள் கடல் சேருகிற கடலூரை வடிகால் மாவட்டம் என்று சொல்வார்கள். இவற்றில் பரவனாறு மிகச் சிறியது. சுரங்கத்துத் தண்ணீர் போய்ச் சேருவது அதில்தான்.

அந்தத் தண்ணீரில் மழை ஒரு பகுதி மட்டுமே. நெய்வேலியின் நிலக்கரிப் படுகைக்குக் கீழே கடும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது. மேலே உள்ள மண்ணை எடுத்துவிட்டால், அந்த அழுத்தம் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வரும். அதனால் ஒரு டன் நிலக்கரி எடுப்பதற்குள் பல டன் தண்ணீரை இறைத்தாக வேண்டும். 1957-இல் முதல் சுரங்கத்தை நேரு தொடங்கிவைத்தபோது பொறியாளர்களுக்கு இருந்த பெரிய கவலை இதுதான். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துத்தான் 1961-இல் கரியைக் கண்டார்கள். இறைத்த நீர் அனல்மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் போகிறது. மிஞ்சியது பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும், அங்கிருந்து பெருமாள் ஏரிக்கும் இறங்குகிறது. குறிஞ்சிப்பாடிப் பகுதியில் கோடையிலும் பச்சை தெரிவதற்கு இந்தத் தண்ணீர் ஒரு முக்கியக் காரணம். அதே சமயம் சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலத்தடி நீர் கீழே போய்விட்டது என்ற வேதனையும் உண்டு. மேலே இருப்பவனுக்குக் கிணறு வற்றுகிறது, கீழே இருப்பவனுக்கு ஏரி நிறைகிறது. இரண்டுமே உண்மை.

மழைக்காலத்தில் கதை மாறுகிறது. ஊரில் பெய்த மழையும், மேட்டிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரும், சுரங்கத்திலிருந்து ஏற்றிவிடும் தண்ணீரும் ஒரே நேரத்தில் சின்ன ஆற்றுக்குள் வருகின்றன. மலைபோல் குவித்துவைத்த சுரங்க மேல்மண் மழையில் அரிக்கப்பட்டு வண்டலாக இறங்கி, ஏரிகளைத் தூர்த்துவிடுகிறது, கொள்ளளவு குறைகிறது. மருவாய், கொளக்குடி, கல்குணம், பூதம்பாடி, ஓணாங்குப்பம் போன்ற ஊர்களில் நட்ட சம்பா நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்து அழுகுவது இதனால்தான்.

அதற்கும் கீழே ஆறே ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. திருச்சோபுரம் அருகே கடலை எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்த பரவனாறு, மணல் மேடு மறிக்க, வடக்கே வளைந்து கரையோரமாகவே வெகுதூரம் நடந்து, கடலூர் முதுநகரில்தான் கடலைச் சேருகிறது. சரிவே இல்லாத அந்தத் தூரத்தில் வெள்ளம் நகராது. புயல் காற்று கடலை உள்ளே தள்ளும்போது முகத்துவாரமும் அடைபட்டுவிடும். “கடல் தண்ணிய வாங்கல” என்று ஊரில் சொல்வது நீரியல் படித்தவர் சொல்வதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. வளைவிலிருந்து நேரே கடலுக்கு ஒரு வாய்க்கால் வெட்டும் அருவாள்மூக்குத் திட்டத்தை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது இந்த அனுபவத்தால். ஆனால் நேர்வெட்டு என்பது இரு பக்கமும் திறக்கும் கதவு. வெள்ளத்தை வெளியே விடுகிற வாய்க்கால், கோடையில் உப்பு நீரை உள்ளே விட்டுவிடும். வாயில் ஷட்டர் வேண்டும். அதை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று தீர்மானிப்பவர்கள் நெல் வயலையும் கடலையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

மழை இப்படிக் கொட்டித் தீர்ப்பதற்கும் நெய்வேலியின் கரிக்கும் தொடர்பு இருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையில் ஏறக்குறைய ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது. மழை நாள்கள் கூடாவிட்டாலும், பெய்கிற நாளில் கொட்டுவது கூடும். பழுப்பு நிலக்கரி ஈரம் மிகுந்தது, வெப்பம் குறைவாகத் தருவது. ஒரு டன் எரித்தால், காற்றைச் சூடாக்கும் கரியமில வாயு ஏறக்குறைய ஒரு டன் வெளியேறும். நெய்வேலி மின்சாரம் தென்னிந்தியாவுக்கு அறுபது ஆண்டாக விளக்கேற்றியது. அதை நன்றியோடுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் புகையின் பங்கு உலகம் முழுக்கப் பரவ, வெள்ளத்தின் பங்கு கல்குணத்து வயலில் வந்து நிற்கிறது.

வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பதில் தமிழ்நாடு நிறையக் கற்றிருக்கிறது. தாழ்வான இடங்களின் பட்டியல், நிவாரண முகாம், ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற முதல்நிலைப் பொறுப்பாளர்கள், அவர்களில் பெண்கள், பாம்பு பிடிப்பவர்கள், கால்நடையை மீட்பவர்கள் என்று எல்லாம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கடற்கரை இதில் பட்ட பாடும் பெற்ற பாடமும் பெரிது. இவை உயிரைக் காக்கின்றன. ஆனால் இவை தண்ணீர் வந்த பிறகு தொடங்குகிற வேலை. தண்ணீர் எவ்வளவு, எப்போது, எந்த வழியாக வரும் என்று முடிவாகும் இடத்தில் ஊருக்கு நாற்காலி இல்லை. பரவனாற்றில் நான் காணும் குறை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

வெள்ளத்தில் எத்தனை பங்கு மழை, எத்தனை பங்கு சுரங்கம் என்ற வாக்குவாதம் ஒவ்வொரு பருவமழையிலும் நடக்கிறது. இது அளந்தால் தீரக்கூடிய வாக்குவாதம். சுரங்க நீர் ஆற்றில் சேரும் இடம், வாலாஜா ஏரியின் கலிங்கு, பெருமாள் ஏரியின் மதகு ஆகிய மூன்று இடங்களில் நீரளவைக் கருவி வைத்து, மணிக்கு மணி அளவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடலாம். ஒவ்வொரு ஊர்ப் பள்ளியிலும் ஒரு மழைமானி போதும், பிள்ளைகளே படிப்பார்கள். வானிலை ஆய்வு மையம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. சுரங்க மோட்டார் எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கும் என்று தெரிந்தால்தான் கொளக்குடிக்காரர் மாட்டை எப்போது மேட்டுக்கு ஓட்டுவது என்று முடிவுசெய்ய முடியும்.

நம்பிக்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது, சுரங்கத்தின் பாதுகாப்புக்கு வாய்க்கால் அவசியம் என்றது சுரங்கத்தை நடத்தும் நிறுவனம். பயிரை அறுக்கும்வரையாவது பொறுக்கக் கூடாதா என்று கேட்டார்கள் விவசாயிகள். அடுத்த சில நாளில் நெய்வேலியில் போராட்டம் மோதலானது. சுரங்கத்தின் பாதுகாப்பு பற்றிய கவலை பொய்யல்ல: அதற்கு இரண்டாண்டு முன்பு, 2021 ஜூலையில், ஜெர்மனியின் இண்டன் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பெருமழையில் ஆறு உடைத்துப் பாய்ந்து ஒரு தொழிலாளி இறந்தார். ஆனால் விளைந்த பயிரை அழித்து வெட்டிய வாய்க்காலைக் காட்டி, இது உங்கள் பாதுகாப்புக்கும்தான் என்று சொன்னால் எந்த ஊர் நம்பும்? அந்தக் காயம் ஆறாமல், நாளை வருகிற வெள்ள எச்சரிக்கையும் சந்தேகத்தோடுதான் கேட்கப்படும்.

ஊருக்கு அந்த நாற்காலியைத் தரப் புதிதாக ஒரு குழுவை உருவாக்க வேண்டியதில்லை. அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது, நவம்பர் 1-ஆம் தேதி மறுபடி கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் நடுவிலும் அமைந்த நாள்கள் அவை. அந்தப் பருவத்தின் நீர் வெளியேற்றத் திட்டத்தைச் சுரங்கப் பொறியாளரும் நீர்வளத் துறைப் பொறியாளரும் சேர்ந்து வந்து சபையில் வாசிக்கட்டும். போன ஆண்டு எந்தக் கரை உடைந்தது, எந்தப் பாலத்தின் கண் அடைத்தது என்று ஊரார் சொல்வது தீர்மானமாகப் பதிவாகட்டும்.

இன்னும் தள்ளி ஒரு கேள்வி நிற்கிறது. ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்படுகின்றன. அங்கே ஸ்பிரே ஆற்றுக்குக் கோடையில் பெரும்பங்கு நீர் தந்தது சுரங்க மோட்டார்தான். மோட்டார் நின்றால் பெர்லின்வரை தண்ணீர் குறையும் என்று இப்போது கணக்குப் போடுகிறார்கள். நெய்வேலியில் பழைய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டது. சூரிய மின்தகடுகள் வந்திருக்கின்றன. என்றாவது சுரங்கமும் நிற்கும். அன்று வாலாஜா, பெருமாள் ஏரிகளின் கோடைத் தண்ணீரும் நிற்கும். இந்தியாவில் ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கமும் மூடல் திட்டம் ஒன்றை அரசிடம் தர வேண்டும் என்பது விதி. நெய்வேலியின் திட்டத்தில் குவித்த மண்ணில் எத்தனை மரம் நடுவது என்பதோடு, பரவனாற்று ஏரிகளுக்கு எந்தத் தண்ணீர், எவ்வளவு, யார் பொறுப்பில் என்பதும் எழுதப்பட வேண்டும். எழுதும்போது அந்த ஏரிகளின் ஆயக்கட்டு விவசாயிகளும் உடன் உட்கார்ந்திருக்க வேண்டும்.