இழந்த ரொட்டி

சென்ற மாதம் நண்பர் ஒருவருக்கு உதவித்தொகை வந்தது. வந்த கையோடு, ஞாயிறன்று எங்கள் நால்வரையும் நகரத்திலுள்ள ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். காலைச் சிற்றுண்டிக்கும் பகலுணவுக்கும் இடைப்பட்ட பதினொரு மணி. ஆயினும் உட்கார இடமில்லை. உணவுப் பட்டியலில் ஒரு பக்கம் முழுவதும் பிரெஞ்சு டோஸ்ட்! ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் சாக்லேட், இன்னொன்றில் பாலேடும் பழப்பாகும். அந்த வேளை உணவுக்குப் பெயர் ‘பிரஞ்ச்’ என்றார்கள். பிரெஞ்சு வேறு, பிரஞ்ச் வேறு என்பது விளங்கவே எங்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்த நண்பர், “இரண்டு துண்டு ரொட்டியின் விலையில் விடுதியில் மூன்று நாள் சாப்பிட்டிருக்கலாமே!” என்றார். பேச்சு நகைச்சுவையாகத்தான் இருந்தது. முகம் அப்படி இல்லை. அந்த ரொட்டியின் வரலாற்றை அறிந்தால் அவருடைய வியப்பு இன்னும் மிகும்.

பிரெஞ்சு டோஸ்ட் பிரான்சில் பிறந்ததன்று. அப்பீசியஸ் என்பவர் பெயரால் வழங்கும் பழைய ரோமானியச் சமையல் நூலிலேயே, வெள்ளை ரொட்டியைப் பிய்த்துப் பாலில் நனைத்து, பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறும் முறை காணப்படுகிறது. பிரெஞ்சுக்காரர் இதனைப் ‘பேன் பெர்தூ’ என்பர். ‘இழந்த ரொட்டி’ என்பது பொருள். காய்ந்துபோய், இனி உதவாது என்று கைவிடப்பட்ட ரொட்டியை மீட்டெடுப்பதால் வந்த பெயர் அது. ஜெர்மானியர் ‘ஏழை வீரர்கள்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். ஸ்பெயின் நாட்டில் ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில் இதனைச் செய்வது வழக்கம். ஹாங்காங் தேநீர்க் கடைகளில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவி, எண்ணெயில் முழுக்கிப் பொரிக்கிறார்கள். நம் நாட்டில் இதற்குப் பம்பாய் டோஸ்ட் என்றும் ஒரு பெயர் உண்டு. வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துக் காரமாகச் செய்வோரும் உளர்.

‘பிரஞ்ச்’ வேளையின் கதையும் இதைப் போன்றதே. இச்சொல்லை 1895-இல் கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் தம் கட்டுரையில் கையாண்டார். ஞாயிறன்று தாமதமாக எழுவோருக்கு இரு வேளைகளையும் இணைத்த உணவே ஏற்றது என்பது அவர் வாதம். ஆனால் அதற்கு முன்பே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பதினொரு மணிச் சாப்பாடு பெயர்பெற்றிருந்தது. 1863-இல் தொடங்கிய உணவுச்சாலை ஒன்றில், பின்னாளில் மதாம் பெகே என்று அறியப்பட்ட அம்மையார் சமைத்துவந்தார். அருகிலிருந்த சந்தையில் விடியுமுன்பே வேலைக்கு வந்து, பசியோடு கடையை மூடும் இறைச்சிக் கடைக்காரர்களுக்காக ஏற்பட்டதே அந்த ‘இரண்டாம் காலையுணவு’. 1884-இல் அந்நகரில் நடந்த பருத்திக் கண்காட்சிக்கு வந்த வெளியூரார் அதன் சுவையைக் கண்டுகொண்டனர். உழைப்பாளியின் சாப்பாடு உல்லாசப் பயணியின் சாப்பாடாயிற்று. அதே நகரில் 1946-இல் தோன்றிய பிரென்னன்ஸ் உணவகம், வெண்ணெயும் சர்க்கரையும் ரம்மும் சேர்த்து வாழைப்பழத்தைத் தீமூட்டிப் பரிமாறும் பண்டத்தை 1951-இல் உருவாக்கியது. வாழைப்பழம் கப்பல் கப்பலாக வந்திறங்கிய துறைமுகம் அல்லவா? அந்த வாழைப்பழத்தை இழந்த ரொட்டியின் மேல் ஏற்றிப் பரிமாறுவது இன்று அங்கே வழக்கமாகிவிட்டது.

இனி, காய்ந்த ரொட்டி ஏன் இதற்கு ஏற்றது என்று பார்ப்போம். ரொட்டி விறைத்துப்போவது ஈரம் வற்றுவதால் மட்டுமன்று. ஈரம் வெளியேறாதபடி மூடி வைத்தாலும் ரொட்டி பழசாகிறது என்பதை 1852-இலேயே பூசங்கோ என்ற பிரெஞ்சு அறிஞர் காட்டினார். வேகும்போது நீரை உறிஞ்சிக் குலைந்த மாச்சத்து, ஆறியபின் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகிறது. பழைய சோறு விறைத்துப்போவதும் இதனாலேயே. குளிர்பெட்டியின் குளிரில் இந்த இறுக்கம் விரைவாக நிகழும். மீண்டும் சூடாக்கினால் பெரும்பாலும் தளரும். புதிய ரொட்டியைப் பாலில் நனைத்தால் கூழாகிவிடும். இறுகிய ரொட்டியோ பாலைக் குடித்தும் உருக்குலையாமல் நிற்கும்.

நான்கு துண்டுகளுக்கு இரண்டு முட்டை, அரை டம்ளர் பால், ஒரு கரண்டி சர்க்கரை, சிட்டிகை உப்பு போதும். முட்டையும் பாலும் கலந்த கலவை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உறையும். மேற்புறம் பொன்னிறமாகி மணம் வீசுவதற்கோ 140 டிகிரிக்கு மேல் வேண்டும். சர்க்கரையும் புரதமும் கூடி நிகழ்த்தும் இந்த மாறுதலை 1912-இல் மயார் என்பவர் விளக்கினார். எனவே அடுப்பை மிதமாக எரியவிட வேண்டும். தீ மிகுந்தால் வெளியே கருகி, உள்ளே பச்சையாகவே இருக்கும். மற்றொன்று: பூஞ்சை பிடித்த ரொட்டியை எறியத்தான் வேண்டும். காய்ந்தது வேறு, கெட்டது வேறு.

நண்பர்களே, நம் விடுதி உணவுச்சாலையில் ஒவ்வொரு நாளும் காலையில் மிஞ்சும் ரொட்டி, மாலையில் குப்பைத்தொட்டிக்குப் போவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஓரத்துண்டு என்றால் யாரும் தொடுவதுகூட இல்லை. அதே ஞாயிற்றுக்கிழமை, மாதக் கட்டணத்தைக் கட்டவே திண்டாடும் மாணவர்கள் இரவு எட்டு மணி வரை வெறும் தேநீரோடு இருப்பதும் நமக்குத் தெரியாததன்று. சனிக்கிழமை மிஞ்சும் ரொட்டியைத் தூய்மையாக எடுத்து வைத்து, ஞாயிறு பதினொரு மணிக்கு எல்லோருக்கும் இரண்டு துண்டு பொரித்துக் கொடுக்கலாமே! உணவுக்குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்பதாக இருக்கிறோம். முட்டை உண்ணாதோருக்கு ரோமானியர் வழி இருக்கவே இருக்கிறது: பாலும் தேனும்.

அந்த ஓட்டல்காரர் மேல் நமக்குக் குறையில்லை. அவர் பண்டம் சுவையாகவே இருந்தது. ஆனால் எறிய மனமில்லாத வீடுகளில் வளர்ந்த பண்டத்தை உண்பதற்கு ஒரு மாணவன் தன் உதவித்தொகையை இழக்க வேண்டுவதில்லை. எங்கள் நண்பர் இப்போது வாணலி ஒன்று வாங்கியிருக்கிறார்.