நின்றுபோன குரோனோகிராப் கடிகாரம்: உள்ளே ஓடுவது எந்த மூவ்மெண்ட்?

அப்பா வேலை ஓய்வு பெற்றபோது தோட்டத்தில் கொடுத்த சீக்கோ கைக்கடிகாரம் அது. முகத்தில் மூன்று சின்ன வட்டங்கள், பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். அவர் மறைந்தபின் அலமாரியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். பேட்டரி மாற்றினார்கள். பெரிய விநாடி முள் கோணலாக நின்றது. பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை. “இன்ஜின் போச்சு, மாத்த 180 வெள்ளி” என்றார் கடைக்காரர்.

மனசு கேட்கவில்லை. ஐந்தடியில் கடை போட்டு கடிகாரம் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி முதுகைப் பார்த்தார். “7டி92 தம்பி, நல்ல மிஷின்” என்றார். மூடியைத் திறந்து, ‘ஏசி’ என்று பொறித்த இடத்தையும் பேட்டரியின் மேல்பகுதியையும் சிறு இடுக்கியால் ஒருசேரத் தொட்டார். பிறகு திருகியை வெளியே இழுத்து, பொத்தான்களை அழுத்தி முட்களை 12க்குக் கொண்டுவந்தார். கூலி 15 வெள்ளி.

குவார்ட்ஸ் குரோனோகிராப்பில் பெரிய விநாடி முள் சும்மா நிற்பதுதான் வழக்கம். அது ஸ்டாப்வாட்ச் முள். மேல் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். நேரத்திற்கான விநாடி முள் பெரும்பாலும் ஒரு சின்ன வட்டத்தில் இருக்கும். இது தெரியாமல் நல்ல கடிகாரத்தை ‘செத்துப்போச்சு’ என்று ஒதுக்கியவர்கள் நம்மில் உண்டு. அந்தச் சின்ன முள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை தாவினால், சீக்கோவில் பேட்டரி தீரப்போகிறது என்று பொருள்.

மூவ்மெண்ட் எது என்று அறிவது சீக்கோவில் எளிது. பின்மூடியில் நான்கு எழுத்துகள், ஒரு கோடு, மீண்டும் நான்கு எழுத்துகள் இருக்கும். கோட்டுக்கு முன்னால் உள்ளதுதான் மூவ்மெண்ட். பின்னால் உள்ளது கூட்டின் எண். தனியாக இருக்கும் ஆறு இலக்க எண் தயாரிப்பு வரிசை எண். அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கேசியோவில் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். கோட்டுக்கு முன் 7ஏ28 என்றிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1983ல் வந்த அதுதான் உலகின் முதல் முள் வைத்த குவார்ட்ஸ் குரோனோகிராப். 15 கற்கள் கொண்டது, பிரித்துப் பழுது பார்க்கக்கூடியது.

பேஷன் கம்பெனிகளின் கடிகாரங்களில்தான் சிக்கல். முதுகில் இருப்பது அவர்களுடைய மாடல் எண். உள்ளே ஓடுவது வேறு யாரோ செய்தது. மூடியைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்துத் தகட்டில் பெயரும் எண்ணும் இருக்கும். மியோட்டா என்றிருந்தால் அது சிட்டிசன் குழுமத்தினுடையது. ரோண்டா, ஈடிஏ இரண்டும் சுவிஸ்.

திறக்காமலே ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு நிறுத்தி, கீழ்ப் பொத்தானை அழுத்துங்கள். பெரிய முள் நடந்து போய் 12ஐ அடைந்தால் வழக்கமான குவார்ட்ஸ். கண்சிமிட்டும் நேரத்தில் டக்கென்று தாவினால், அதிலும் ஓடும்போது விநாடிக்கு ஐந்து அடி வைத்து வழுக்கிக்கொண்டு போயிருந்தால், அது சீக்கோவின் விகே வரிசையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் ஸ்டாப்வாட்ச் பகுதி மெக்கானிக்கல் முறையில் வேலை செய்கிறது.

மேல் பொத்தானை அழுத்தியும் எதுவும் ஓடாமல், சின்ன வட்டங்களில் கிழமையும் தேதியும் மட்டும் இருந்தால், அது குரோனோகிராப்பே இல்லை. பாசார் மாலாமில் அப்படிப்பட்டவை நிறைய.

எண் தெரிந்தால் பேட்டரியில் ஏமாற மாட்டீர்கள். எஸ்ஆர்920, எஸ்ஆர்927, எஸ்ஆர்936 மூன்றுமே 9.5 மில்லிமீட்டர் அகலம், தடிமனில்தான் வித்தியாசம். 7டி92க்கு 927. மெல்லிய 920ஐப் போட்டாலும் உட்கார்ந்துவிடும்; ஆனால் தொடுபுள்ளி சரியாகப் படாமல் விட்டுவிட்டு ஓடும். எந்தப் பொத்தான் எந்த முள்ளைத் திருத்தும் என்பதும் மூவ்மெண்டுக்கு மூவ்மெண்ட் மாறும்; எண்ணை வைத்துத் தேடினால் கம்பெனியின் கையேடு இணையத்தில் கிடைக்கும்.

மூடியை வீட்டில் கத்தியால் நெம்ப வேண்டாம். உள்ளே ரப்பர் வளையம் நசுங்கினால், அடுத்த மழையிலேயே கண்ணாடிக்குள் நீராவி படியும். கடையில் திறக்கும்போது கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.