கப்பலின் இறுதிப் பயணம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள விழிஞ்ஞம் துறைமுகத்திற்கு 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'எம்.எஸ்.சி. ஐரினா' என்னும் சரக்குக் கப்பல் வந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். 24,000க்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டகங்களை ஏற்றிச் செல்லும் ஆற்றல் உடையது. ஆயினும், இத்தகைய கப்பல்களின் வாழ்நாள் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளே. உப்புநீர் எஃகை அரிக்கிறது. ஓயாத அலைகளால் கப்பலின் உடல் தளர்கிறது. பழுதுபார்க்கும் செலவு வருவாயை மிஞ்சும்போது, உரிமையாளர் கப்பலை உடைப்பதற்கு விற்றுவிடுகிறார்.

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்னும் பழமொழி கப்பலுக்கும் பொருந்தும். கப்பலின் எடையில் பெரும்பகுதி எஃகே. அதை உருக்கிக் கட்டடக் கம்பிகள் செய்கின்றனர். தாதுவிலிருந்து எஃகு செய்வதைவிடப் பழைய எஃகை உருக்குவதற்குக் குறைந்த ஆற்றலே போதும். 1971ஆம் ஆண்டுப் போரில் பங்கேற்ற 'விக்ராந்த்' போர்க்கப்பல் 2014இல் மும்பையில் உடைக்கப்பட்டது. அதன் உலோகத்தின் ஒரு பகுதி பின்னர் மோட்டார் சைக்கிள் தயாரிக்கப் பயன்பட்டது.

பெரிய துறைமுகம் இருந்தும் விழிஞ்ஞத்தில் கப்பல்களை ஏன் உடைப்பதில்லை? விடை கடலின் ஓதத்தில் உள்ளது. விழிஞ்ஞத்தில் கடல்நீர் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும். குசராத்து மாநிலத்தின் காம்பாத்து வளைகுடாவில் உள்ள அலங் கடற்கரையிலோ அது ஏறத்தாழ 10 மீட்டர். நீர் உயர்ந்திருக்கும்போது கப்பலை வேகமாகக் கரைநோக்கிச் செலுத்துவர். நீர் வடிந்ததும் கப்பல் சேற்றுத் தரையில் நின்றுவிடும். 1983இல் இங்குத் தொடங்கிய கப்பல் உடைப்புத் தொழில், அலங்கை உலகப் புகழ்பெற்ற இடமாக்கியது.

கரையேறிய கப்பலிலிருந்து முதலில் எண்ணெயையும் கழிவுகளையும் அகற்ற வேண்டும். பிறகு கட்டில், நாற்காலி, சமையற்கலம், மின்கருவி முதலியவற்றைக் கழற்றி விற்பர். அலங் செல்லும் சாலையோரக் கடைகளில் இவை குவிந்து கிடக்கும். இறுதியாக, தொழிலாளர்கள் எரிவாயுச் சுடரால் எஃகுத் தகடுகளை வெட்டி எடுப்பர்.

இத்தொழிலாளர்களுள் பலர் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து பிழைப்புக்காகக் குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள். கப்பலின் தொட்டியில் எரிவாயு தங்கியிருந்தால், சிறு தீப்பொறியும் அதை வெடிக்கச் செய்யும். வெட்டிய தகடு சரிந்து விழுந்தும் உயிர்கள் பறிபோயுள்ளன. பழைய கப்பல்களில் வெப்பத்தைத் தடுக்கக் கல்நார் பயன்பட்டது. அதன் நுண்ணிழை மூச்சுடன் நுரையீரலில் புகுந்தால், பல ஆண்டுகளுக்குப் பின்னரும் புற்றுநோய் தோன்றக்கூடும்.

இந்த ஆபத்தை உலகிற்கு உணர்த்தியது பிரான்சு நாட்டின் 'கிளெமென்சோ' போர்க்கப்பல். 2005ஆம் ஆண்டு இறுதியில் அது அலங் நோக்கிப் புறப்பட்டது. அதில் கல்நார் மிகுதியாக இருந்ததால் கடும் எதிர்ப்பு எழுந்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் விசாரணை முடியும்வரை கப்பல் இந்தியக் கடற்பகுதிக்குள் நுழையத் தடை விதித்தது. 2006 பிப்ரவரியில் பிரான்சு அதைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பின்னர் அக்கப்பல் பிரிட்டனில் உடைக்கப்பட்டது.

இந்தியா 2019இல் கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தை இயற்றியது. 2009இல் உருவான ஹாங்காங் பன்னாட்டு உடன்படிக்கை 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கப்பலில் உள்ள தீங்கு தரும் பொருள்களின் பட்டியல் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். உடைக்கும் முறையையும் முதலிலேயே திட்டமிட வேண்டும். பட்டியல் சரியாக இருந்தால்தான், எந்த அறையில் ஆபத்து உள்ளது என்பதைத் தொழிலாளி அறிந்து உள்ளே செல்ல முடியும்.

நாம் வாழும் வீட்டின் கம்பியில் ஒரு பழங்கப்பலின் எஃகும் கலந்திருக்கலாம். அதை வெட்டி எடுத்தவர் மாலையில் நலமாகத் திரும்பினாரா என்பதும் நாம் கேட்க வேண்டிய கேள்வியே.

அருஞ்சொற்பொருள்
ஓதம் – கடல்நீர் ஏறி இறங்குதல்
கல்நார் – தீப்பற்றாத ஒருவகைக் கனிம இழை
தாது – உலோகம் கலந்த மண் அல்லது கல்

சிந்தித்து எழுதுக
1. கப்பல் உடைப்புக்கு அலங் கடற்கரை ஏற்றதாக இருப்பது ஏன்?
2. தீங்கு தரும் பொருள்களை அகற்றும் செலவை ஏற்க வேண்டியவர் யார்? கப்பலை விற்பவரா, உடைப்பவரா? காரணத்துடன் எழுதுக.