திருகைத் திருப்பினால் குலுக்கல் குறையுமா?

மாணவர்களே, அண்ணன் காரைத் தாழ்த்திப் புதிய சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிறாரா? ஈப்போ சாலையில் அழகாக ஓடும் அதே கார், சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டச் சாலையில் நுழைந்ததும் பின்னால் அமர்ந்திருக்கும் பாட்டியின் இடுப்பை ஒடித்துவிடும்.

மேட்டில் ஏறும் அதிர்ச்சியைச் சுருள்வில் வாங்கிக்கொள்கிறது. உடனே திருப்பியும் தள்ளுகிறது. அந்த ஆட்டத்தை அடக்குவது அப்சோர்பர். அதனுள் எண்ணெய் சிறு துளை வழியே நெருக்கிப் பாயும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. மேலுள்ள திருகு அந்த வழியைக் குறுக்கும் அல்லது விரிக்கும், அவ்வளவுதான். வில்லின் விறைப்பு மாறாது! பலர் ஏமாறும் இடம் இது.

சாதாரணக் கார் நொடிக்கு 1 முதல் 1.5 முறை ஆடும். எடை மாறாமல் விறைப்பு 4 மடங்கானால், ஆட்டம் 2 மடங்கு வேகமாகும். நொடிக்கு 4 முதல் 8 முறை குலுக்கினால்தான் உடம்பு அதிகம் வருந்தும்.

திருகை மிக மென்மையான நிலையில் வைத்து, அதே சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேடு தாண்டியும் கார் ஊஞ்சலாடினால் ஒரு 'கிளிக்' கூட்டலாம். இடமும் வலமும் ஒரே அளவு. மென்மையான நிலையிலேயே தூக்கிப் போட்டால், வில்லை மாற்றுவதே வழி.

அதற்கு முன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். பெரும்பாலும் அது 1877-இல் கோலகங்சாரில் நட்ட, பாட்டி பால் வெட்டிய அதே மரவகையின் ரப்பர். வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.